‘சிஸ்டம் எடுக்குதில்லை’ என்பது ஒரு பதில் இல்லை

தீவுப்பகுதியில் கந்தோர் வாசலில் நின்ற எவருக்கும் பழகிப்போன வசனம் இது. “சிஸ்டம் எடுக்குதில்லை.” “சிஸ்டத்தில உங்கட பேர் இல்லை.” “சிஸ்டம் தானா மாத்திப்போட்டுது, நாங்கள் ஒண்டும் செய்யேலாது.” இந்த வசனங்களோடு சண்டை பிடிக்கத்தான் இதை எழுதுகிறோம்.

நயினாதீவுக்காரர் வேலணைப் பிரதேச செயலகத்துக்குப் போவதென்றால் முதலில் படகு, பிறகு குறிகட்டுவானில் பஸ், பிறகு வரிசை. நெடுந்தீவுக்குத் தனிப் பிரதேச செயலகம் இருக்கிறது. ஆனால் “இது எங்கட கையில இல்லை, யாழ்ப்பாணத்தில கேளுங்கோ” என்று சொல்லிவிட்டால் ஒரு மணித்தியாலக் கடலும், அதன்பிறகு பண்ணைப் பாலம் வரைக்கும் பஸ்ஸும். கடல் கொந்தளித்தால் அன்றைக்குப் படகும் இல்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கிற அம்மாவிடம் “சிஸ்டம்” என்று ஒரு ஆள் இருப்பதுபோலச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். அப்படி ஒரு ஆள் இல்லை. ஒரு விதியை யாரோ எழுதினார்கள். அதை யாரோ சோதிக்காமல் விட்டார்கள். அந்த இரண்டு ‘யாரோ’வையும் பற்றித்தான் கதைக்க வேண்டும்.

நாங்கள் கலைப்பீட மாணவர்கள். “உங்களுக்கு உது எதுக்கு? உது ஐடி பெடியளின்ர வேலை” என்று சொல்வார்கள், சொல்லியும் விட்டார்கள். சட்டத்தை வாசிப்பது சட்டத்தரணியின் வேலை மட்டும் என்று நாங்கள் நினைப்பதில்லையே. தரவுத்தளத்துக்குள் எழுதப்படுகிற விதியும் “இப்படி நடந்தால் இப்படிச் செய்” என்கிற வசனம்தான். வசனம் என்றால் அதை வாசிக்கவும் கேள்வி கேட்கவும் எங்களுக்கும் தெரியும். அதிலும் ட்ரிகர் என்கிற விதியைப் பற்றி நாங்கள் கட்டாயம் கேட்கவேண்டும். ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுவதுதான் அதன் வேலை.

ஏ.எல்.லில் ஐசிடி எடுத்தவர்களுக்கு அட்டவணை, நிரை, நிரல், முதன்மைச் சாவி, அந்நியச் சாவி எல்லாம் ஞாபகம் இருக்கும். மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: ஒரு அட்டவணையில் ஒரு நிரை சேரும்போதோ, மாறும்போதோ, அழியும்போதோ, யாரும் தனியாகக் கூப்பிடாமலே ஓடுகிற சிறு கட்டளைத் தொகுதிக்குப் பெயர் ட்ரிகர். கந்தோரில் ஒருவர் மரணப் பதிவை எழுதுகிறார். எழுதிய கையோடு அடுத்த மேசையில் ஒரு கண்ணுக்குத் தெரியாத கை எழுந்து உதவிப்பணப் பதிவேட்டிலும் அந்தப் பெயரை வெட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கைதான் ட்ரிகர். முதலில் எழுதினவருக்கு இரண்டாவது வெட்டு நடந்ததே தெரியாமல் இருக்கலாம். 1999 இன் எஸ்கியூஎல் தரநிலையிலேயே இதற்கு இடம் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கு ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் எல்லாவற்றிலும் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் வேறு வேறு குணத்தோடு.

எங்களில் சிலர் சேர்ந்து ஒரு பழைய லப்டொப்பில் ஒரு சின்னத் தரவுத்தளம் கட்டிப் பார்த்தோம். மூன்று அட்டவணைகள். முதலாவது குடும்பம். இரண்டாவது அங்கத்தவர், ஒவ்வொரு அங்கத்தவரும் ஒரு குடும்பத்தோடு அந்நியச் சாவியால் கட்டப்பட்டிருப்பார், குடும்ப நிரை அழிந்தால் அங்கத்தவர் நிரைகளும் கூடவே அழியும். மூன்றாவது குறிப்பேடு. அங்கத்தவர் ஒருவர் அழிக்கப்பட்டால் யார், எப்போது என்று குறிப்பேட்டில் ஒரு வரி எழுதவேண்டும் என்று ஒரு ட்ரிகர் போட்டோம். ஜே/01 இல் இருந்து ஜே/06 வரை நெடுந்தீவின் கிராம அலுவலர் பிரிவுகளை வைத்துக் கற்பனைக் குடும்பங்களை ஏற்றினோம்.

மைஎஸ்கியூஎல்லில் ஒரு அங்கத்தவரை நேராக அழித்தோம். குறிப்பேட்டில் ஒரு வரி. நல்லது. பிறகு ஐந்து பேர் உள்ள ஒரு குடும்பத்தை அழித்தோம். ஐந்து பேரும் போனார்கள். குறிப்பேட்டில் ஒன்றுமே இல்லை. ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. அதே மூன்று அட்டவணைகளை போஸ்ட்கிரெஸ்ஸில் கட்டி அதே குடும்பத்தை அழித்தபோது ஐந்து வரிகள் விழுந்தன.

நாங்கள் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. மைஎஸ்கியூஎல்லின் வழுப் பதிவேட்டில் 11472 ஆம் இலக்கம் இதுதான். 2005 ஜூனில் பதியப்பட்டது. மைஎஸ்கியூஎல்லுக்கு ட்ரிகரைக் கொண்டுவந்த 5.0 பதிப்பே அந்த வருடம் ஒக்டோபரில்தான் பொதுப் பாவனைக்கு வந்தது. அதாவது பிள்ளை பிறக்கமுதலே வருத்தம் தெரிந்திருந்தது. காரணமும் விளங்காத ஒன்றில்லை. அந்நியச் சாவியால் நடக்கும் தொடர் அழிப்பை இன்னோடிபி என்கிற கீழ்த்தட்டுச் சேமிப்பு இயந்திரம் தனக்குள்ளேயே செய்து முடித்துவந்தது. ட்ரிகரை ஓட்டுவது மேல்தட்டு. கீழே அழித்ததை மேலே யாரும் சொல்லவில்லை. சொல்லவைக்கவேண்டும் என்றால் இரண்டு தட்டுக்கும் இடையிலான வேலைப் பிரிப்பையே மாற்றவேண்டும், அது பெரிய வேலை. ஆகவே கைநூலில் ஒரு வசனம் எழுதினார்கள்: அந்நியச் சாவியின் தொடர் செயல்கள் ட்ரிகரைத் தூண்டமாட்டா என்று. வருடாவருடம் ஜூன் வந்தால் நிரலாளர்கள் அந்த வழுவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதிவிட்டுப் போனார்கள். பகிடிதான். நாங்களும் வாசித்துச் சிரித்தோம்.

ஆனால் அந்தக் கைநூல் வசனம் எங்களுக்கு எரிச்சலாக இருக்கிறது. வழு ஒன்றைத் திருத்தாமல் ஆவணத்தில் எழுதிவிட்டால் அது ‘வரையறை’ ஆகிவிடுகிறது. கைநூலை வாசிக்காத நிரலாளர்தான் இனிக் குற்றவாளி. நிரலாளர் வாசிக்காததால் பதிவில்லாமல் அழிந்த நிரைக்குச் சொந்தக்காரியை அந்தக் கைநூல் நினைக்கவே இல்லை. குறிப்பேடு என்று ஒன்று எதற்கு? நாளைக்கு ஒருத்தர் வந்து “என்ர பேரை ஆர் வெட்டினது?” என்று கேட்டால் காட்டத்தானே. வெட்டு நடந்து வரி இல்லாமல் போனால், “உங்கட பேர் முந்தியும் இருக்கேல்லை” என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். சொல்பவர் பொய் சொல்லவும் இல்லை. அவருடைய திரையில் அப்படித்தான் இருக்கிறது.

இரண்டாவது சோதனை இன்னும் சின்னது, எங்களை அதிகம் உலுப்பியதும் அதுதான். அங்கத்தவரின் மாத வருமானம் மாறினால் குறிப்பேட்டில் எழுது என்று ஒரு ட்ரிகர். “பழைய வருமானமும் புதிய வருமானமும் சமனில்லை என்றால்” என்பதுதான் நிபந்தனை. பத்தாயிரத்தைப் பன்னிரண்டாயிரம் ஆக்கினால் வேலை செய்கிறது. வருமான நிரல் வெறுமையாக இருந்த ஒரு ஆளுக்குப் பன்னிரண்டாயிரம் என்று போட்டால் வேலை செய்யவில்லை! தரவுத்தளத்தில் வெறுமைக்குப் பெயர் ‘நல்’. (பெயர் மட்டும்தான் நல்.) அது பூச்சியம் இல்லை, “தெரியாது” என்று பொருள். தெரியாததும் பன்னிரண்டாயிரமும் சமனா என்று கேட்டால் தரவுத்தளம் ஆமும் சொல்லாது, இல்லையும் சொல்லாது, அதுவும் “தெரியாது” என்கும். நிபந்தனை உண்மையாகவில்லை, ட்ரிகர் ஓடவில்லை. வெறுமையையும் ஒரு நிலையாக எடுத்து ஒப்பிடுகிற தனிக் குறி மைஎஸ்கியூஎல்லிலும் இருக்கிறது, போஸ்ட்கிரெஸ்ஸிலும் இருக்கிறது. ஒரு வரித் திருத்தம். அந்த ஒரு வரி தேவை என்று தெரிவதற்கு, வருமானம் வெறுமையாக இருக்கிற ஒரு ஆளை நினைக்கத் தெரியவேண்டும்.

அந்த ஆள் யார்? மாதச் சம்பளக்காரர் இல்லை. ஊர்காவற்றுறையில் காற்றைப் பார்த்துத் தொழிலுக்குப் போகிறவர். இந்த மாதம் இவ்வளவு என்று சொல்லத் தெரியாமல் “அது கடலைப் பொறுத்தது தம்பி” என்று சொன்னவர். விண்ணப்பம் எழுதினவர் அந்தப் பெட்டியை வெறுமையாக விட்டிருப்பார். பனை ஓலை பின்னுகிற அம்மம்மாவுக்கும் அதேதான். கொழும்பில் குளிரூட்டிய அறையில் சோதனைத் தரவு எழுதுகிறவருக்கு எல்லோருக்கும் சம்பளம் உண்டு, எல்லோருக்கும் முதற்பெயரும் குடும்பப் பெயரும் தனித்தனியாக உண்டு, எல்லோரும் ஒரே முகவரியில் இருக்கிறார்கள். இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, திரும்பவும் போய், மூன்று பிரிவுகளில் பதிந்த குடும்பம் அவருடைய சோதனையில் வராது. எங்கள் ஊரில் அது விதிவிலக்கு இல்லை.

மொத்தமாகச் செய்கிற மாற்றங்களும் இப்படித்தான். மைக்ரோசொஃப்ட்டின் எஸ்கியூஎல் சேர்வரில் ட்ரிகர் நிரைக்கு ஒரு தடவை ஓடுவதில்லை, கட்டளைக்கு ஒரு தடவைதான் ஓடும். ஒரே கட்டளையில் முந்நூறு குடும்பங்களின் பிரிவை மாற்றினால் ட்ரிகருக்கு முந்நூறு நிரைகளும் ஒன்றாகக் கிடைக்கும். ஒரு நிரைதான் வரும் என்று நம்பி எழுதிய ட்ரிகர் அதில் ஒன்றை மட்டும் கவனித்துவிட்டு மிச்சத்தை விட்டுவிடும். போஸ்ட்கிரெஸ்ஸிலும் ஒரு பொறி இருக்கிறது: மாற்றத்துக்கு முன் ஓடுகிற ட்ரிகர் வெறுமையைத் திருப்பி அனுப்பினால் அந்த நிரையைச் சேமிக்காமல் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். அதற்கு மேலே “சேமிக்கப்பட்டது” என்று பச்சை எழுத்தில் காட்டுகிற ஒரு திரையை எழுதிவிட்டால் கதை முடிந்தது.

எங்கள் கணினி விஞ்ஞான நண்பர்கள் சிலர் இதைக் கேட்டுவிட்டு, “அதுதான் சொல்லுறம், ட்ரிகரே பாவிக்காதையுங்கோ, எல்லாத்தையும் மேல மென்பொருளில எழுதுங்கோ” என்கிறார்கள். நாங்கள் உடன்படவில்லை. மேலே மென்பொருளில் எழுதிய விதி அந்த மென்பொருள் வழியாக வருகிறவர்களுக்கு மட்டும்தான். கடவுச்சொல் தெரிந்த ஒருவர் நேரே தரவுத்தளத்துக்குள் போய் ஒரு பெயரை மாற்றினால் அதைப் பதிந்துவைக்கத் தரவுத்தளத்துக்குள்ளேயே ஒரு கண் வேண்டும். ட்ரிகர் அந்தக் கண்ணாக இருக்கலாம். கண்ணில் பூ விழுந்திருக்கிறதென்று கண்ணைத் தோண்டச் சொல்வதா வைத்தியம்? சோதிக்கச் சொல்கிறோம். சோதனையை எங்களுக்குக் காட்டச் சொல்கிறோம்.

இது வெறும் தொழில்நுட்பச் சண்டை என்று நினைப்பவர்கள் பிரிட்டிஷ் தபாற் கந்தோரின் ஹொரைசன் கதையை வாசிக்கவேண்டும். அது ட்ரிகர் வழு இல்லை. ஆனால் ஒருதரம் நடந்ததைக் கணினி பலதரம் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. 2015 இல் ஸ்கொட்லாந்தின் டால்மெலிங்டனில் 8,000 பவுண் பணத்தை ஒரு கிளையில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றியதாகப் பதிந்தபோது திரை அசையாமல் நின்றது. திரும்பத் திரும்ப விசையை அழுத்த, அது நாலு தரம் பதிவானது. கையில் 24,000 பவுண் குறைவு என்று சிஸ்டம் சொன்னது. அந்த வழு பிறகு வெளிச்சத்துக்கு வந்தது. ஆனால் 1999 தொடக்கம் 2015 வரை அந்தச் சிஸ்டம் சொன்ன கணக்கை நம்பித் தண்டிக்கப்பட்டவர்கள் 900 பேருக்கு மேல். சிறைக்குப் போனார்கள், வீட்டை விற்றார்கள், உயிரை மாய்த்தவர்களும் உண்டு. சிஸ்டத்தில் பிழையே இல்லை என்று நிறுவனம் வருடக்கணக்காகச் சாதித்தது. மென்பொருளில் வழுக்கள் இருந்தன என்று நீதிமன்றம் 2019 இல் சொன்னது. தண்டனைகளை மொத்தமாக நீக்க 2024 இல் ஒரு சட்டமே கொண்டுவரவேண்டி வந்தது.

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம். 2023 ஜூலையில் அஸ்வெசும தொடங்கியது. ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போட்டு, குடும்பங்களை நாலு வகையாகப் பிரித்து, மாதம் 2,500 ரூபாவில் இருந்து 15,000 ரூபா வரை தருவதென்று வந்தது. பட்டியல் வெளியானதும் நாடு முழுவதிலும் இருந்து ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. அதற்குள் ட்ரிகர் வழு இருந்தது என்று நாங்கள் சொல்லவரவில்லை. புள்ளி போடுகிற முறையே பிழை என்று பலர் எழுதிவிட்டார்கள், அந்த விவாதத்தையும் இங்கே தொடவில்லை. நாங்கள் கேட்பது ஒன்றுதான். குறிகாட்டிகளை வர்த்தமானியில் போட்டார்கள், நல்லது. அந்தக் குறிகாட்டிகள் மென்பொருளாக மாறியபோது எந்தெந்தக் குடும்பங்களை வைத்துச் சோதித்தார்கள் என்பதை எங்கே போட்டார்கள்? வர்த்தமானியில் உள்ள வசனத்துக்கும் தரவுத்தளத்தில் ஓடுகிற வசனத்துக்கும் இடையில்தான் எங்கள் ஆட்கள் விழுந்துபோகிறார்கள்.

எங்களில் ஒருத்தியின் அம்மம்மாவுக்கு ஒரு கந்தோரில் இதுதான் நடந்தது. மகனுடைய குடும்பத்தோடு பதிந்திருந்தவர். மகன் வேறு பிரிவுக்குப் பதிவை மாற்றினார். புதிய பிரிவில் மகன், மருமகள், பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள், அம்மம்மா எங்கேயும் இல்லை. பழைய இடத்தில் கேட்டால் “இஞ்ச இருந்து போட்டுது”, புதிய இடத்தில் கேட்டால் “இஞ்ச வரேல்லை.” நாலு மாதத்துக்குப் பிறகு ஒருநாள் பெயர் திரும்பி வந்தது. என்ன நடந்தது என்று கேட்டதற்கு, “ஏதோ பிழை இருந்தது, இப்ப சரி செய்தாச்சு” என்றார்கள். சரி. இன்னும் எத்தனை அம்மம்மாக்கள்?

வழுத் திருத்தத்தில் எல்லோரும் மறக்கிற பாதி இதுதான். ட்ரிகரில் ஒரு வரியைத் திருத்தினால் அது நாளைக்கு வருகிற நிரைக்குத்தான் சரி. திருத்திய நாளுக்கு முன் தவறிய நிரைகள் தவறியபடியே கிடக்கும். அவை தாமாக எழுந்து வரா. ஒருவர் இருந்து, இந்த வழு எந்தத் திகதியில் இருந்து எந்தத் திகதி வரை இருந்தது, அந்தக் காலத்தில் எந்தெந்த நிரைகள் இதற்குள் அகப்பட்டிருக்கும் என்று தேடி எடுக்கவேண்டும். எடுத்துத் திருத்தவேண்டும். திருத்தியதை உரியவருக்குத் தமிழில், கடிதமாக, வீட்டுக்கு அனுப்பவேண்டும். கேட்டு வந்தவருக்கு மட்டும் திருத்திக் கொடுப்பது, படகுக் காசு இருந்தவருக்கு மட்டும் திருத்திக் கொடுப்பதுதான்.

இதெல்லாம் நடக்காத காரியம் என்று சொல்லவேண்டாம். போஸ்ட்கிரெஸ்ஸின் மூலநிரலோடு கூடவே ட்ரிகருக்கென்று ஒரு சோதனைக் கோப்பு இருக்கிறது. பக்கத்தில், அதை ஓட்டினால் என்ன விடை வரவேண்டும் என்கிற கோப்பு. இரண்டும் பொருந்தாவிட்டால் சோதனை தோல்வி, மாற்றம் உள்ளே போகாது. வழு ஒன்றைத் திருத்துகிறவர் பெரும்பாலும் அந்த வழு திரும்பி வந்தால் காட்டிக்கொடுக்கிற ஒரு சோதனையையும் சேர்த்துவிட்டுத்தான் போவார். மைஎஸ்கியூஎல்லுக்கும் அப்படி ஒன்று உண்டு. எஸ்கியூலைட்டில் சோதனை நிரல் மூலநிரலைவிடப் பல நூறு மடங்கு பெரியது. வேலணையில் இருக்கிற ஒரு பிள்ளை போனிலேயே இதையெல்லாம் திறந்து வாசிக்கலாம். எஸ்கியூலைட் செய்த இன்னொன்றும் எங்களுக்குப் பிடித்தது. ஒரு ட்ரிகர் தன்னைத்தானே திரும்பத் தூண்டுகிற வசதியை 2009 இல் சேர்த்தபோது, பழைய தரவுத்தளங்கள் குழம்பிப்போகும் என்று அதை அணைத்த நிலையில் விட்டு ஒரு ஆளியை மட்டும் கொடுத்தார்கள். திருத்தமும் ஆட்களைப் பாதிக்கும் என்று நினைத்து எழுதப்பட்ட நிரல் அது.

இலங்கையிலும் முன்னுதாரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு சில வாரங்களுக்குள் இங்கே உள்ள தன்னார்வ நிரலாளர்கள் சஹானா என்கிற மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் எல்லாவற்றையும் பதிகிற தரவுத்தளம், மைஎஸ்கியூஎல்லில். அன்றைக்குப் பாவனையில் இருந்த மைஎஸ்கியூஎல்லில் ட்ரிகரே இல்லை. நிரலைப் பூட்டிவைக்காமல் திறந்துவிட்டார்கள். அதனால்தான் 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் அதை எடுத்துப் பாவிக்க முடிந்தது. இந்த நாட்டில் அவசரத்திலும் திறந்த நிரல் எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவசரம் இல்லாத காலத்தில் ஏன் எல்லாம் இரகசியம்?

குடும்பங்களின் பதிவைத் தொடுகிற ஒவ்வொரு அரச தரவுத்தளத்துக்கும் அதன் சோதனைகளைப் பொதுவில் வைக்கவேண்டும். ஆட்களின் பெயரோ இலக்கமோ வேண்டாம், கற்பனைக் குடும்பங்கள் போதும். அந்தக் கற்பனைக் குடும்பங்களில் எங்கள் ஆட்களும் இருக்கவேண்டும்: வருமானம் வெறுமையான தொழிலாளி, மகனின் பதிவோடு சேர்ந்து அழிகிற அம்மம்மா, ஒரே நாளில் மொத்தமாகப் பிரிவு மாறுகிற தீவு, தகப்பனின் பெயரே குடும்பப் பெயராகிற பிள்ளை. திருத்தப்பட்ட ஒவ்வொரு வழுவுக்கும் எந்தக் காலத்து நிரைகள் தேடப்பட்டன, எத்தனை பேருக்கு அறிவிக்கப்பட்டது என்கிற கணக்கு வேண்டும். கணினி தானாக எடுத்த முடிவை மீள்பார்க்கச் சொல்லிக் கேட்கிற உரிமையை 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எழுதித்தான் வைத்திருக்கிறது. எழுதிவைத்ததை நடைமுறைக்குக் கொண்டுவரத்தான் இழுபடுகிறது.

2016 இன் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் இழுபடவில்லை, அது கையில் இருக்கிறது. அதன் கீழ் ஒரு விண்ணப்பத்தை நாங்கள் தமிழில் எழுதி வைத்திருக்கிறோம், மூன்று கேள்விகளோடு. குடும்ப நிரை ஒன்று அழிந்தால் அங்கத்தவர் நிரைகளுக்கு என்ன நடக்கிறது, அது எங்கே பதியப்படுகிறது? வருமானம் வெறுமையாக உள்ளவர்களை வைத்துச் சோதித்த பதிவு இருக்கிறதா, இருந்தால் பிரதி ஒன்று. கடந்த இரண்டு வருடத்தில் திருத்தப்பட்ட வழுக்கள் எவை, அவற்றால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அறிவித்த கடிதத்தின் மாதிரி ஒன்று. ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு மூன்று பிரதேச செயலகங்களுக்கும் தனித்தனியாகக் கொடுக்கப்போகிறோம். உங்கள் பிரிவில் கொடுக்க விரும்புகிறவர்கள் எழுதுங்கள், விண்ணப்பத்தை அனுப்புகிறோம். பெயரையும் திகதியையும் மட்டும் மாற்றினால் போதும்.